கடன் வாங்கிய காலம்

கச்சேரி மேடையிலே பாடகர் ஒருவர். அவர் பக்கத்தில் வயலின், மிருதங்கம், கடம். ஒவ்வொருவர் கையும் வெவ்வேறு வேலை செய்கின்றது. ஆயினும் அனைவரையும் ஒன்றாகப் பிணைத்து வைப்பது தாளம். தாளம் தப்பினால் எத்துணை இனிய குரலும் பயன்படாது. நம் கைத்தொலைபேசியினுள் இருக்கும் நகத்தளவான சிலிக்கன் சில்லும் இத்தகையதொரு கச்சேரியே. அங்கே தாளம் போடுவது ஒரு மின் துடிப்பு. அதனைக் கடிகாரத் துடிப்பு என்பர். அத்துடிப்பைச் சில்லின் மூலைமுடுக்கெங்கும் கொண்டு செல்லும் கம்பி வலையை, வரைபட வேலை முடியும் தறுவாயிலே திருத்த நேர்ந்தால் என்ன செய்வது? இவ்வினாவைச் சிறிது நோக்குவோம்.

1971 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 திரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 சில்லிலோ 1,600 கோடி. முன்னது செக்கனுக்கு ஏழரை இலட்சம் தடவைக்குச் சற்றுக் குறைவாகத் துடித்தது. பின்னது 300 கோடி தடவைக்கும் மேலாகத் துடிக்கின்றது. செக்கனுக்கு 300 கோடி துடிப்பு என்று கொண்டால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள காலம் ஏறத்தாழ 330 பிக்கோ செக்கன். ஒரு செக்கனை இலட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு கூறே பிக்கோ செக்கன். அந்த 330 கூறுக்குள் ஒளி கூட 10 சென்ரிமீற்றர் தூரந்தான் செல்ல முடியும்!

இத்துடிப்பு ஒரு மரம் போலப் பரவுகின்றது. அடிமரத்திலிருந்து கிளையும், கிளையிலிருந்து கொம்பும் பிரிந்து, நுனியில் இலைகளாகச் சிறு கலங்கள் நிற்கின்றன. துடிப்பு வந்து தட்டும்போது, தன்னை அடைந்த விடையைப் பிடித்து வைத்துக்கொள்வதே கலத்தின் தொழில். இம்மரத்தை வளர்ப்பது செலவு மிக்க காரியம். 1992 ஆம் ஆண்டின் அல்பா 21064 என்னும் சில்லு, தான் செலவிட்ட மின்வலுவில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் துடிப்பை ஓட்டுவதற்கே செலவிட்டது.

கலங்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. விடை பிந்தி வரக்கூடாது என்பது ஒன்று. பழைய விடையைப் பிடித்து முடியுமுன் புதிய விடை முந்தி வந்து அதனை அழித்துவிடக்கூடாது என்பது மற்றொன்று. முதல் விதி தவறினால், துடிப்பின் வேகத்தைக் குறைத்துச் சில்லை ஒருவாறு காப்பாற்றலாம். இரண்டாம் விதி தவறினாலோ, வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. வார்த்தெடுத்த சில்லு வீண்.

துடிப்பு எல்லாக் கலங்களையும் ஒரே வேளையில் அடைவதே சிறப்பென்று முன்னர்க் கருதினர். ஆனால் துடிப்பை வேண்டுமென்றே சிறிது முன்பின்னாக்கி வேகத்தைக் கூட்டலாம் என்பதை 1990 இல் ஜோன் பிஷ்பேர்ன் என்னும் ஆய்வாளர் கணித முறையில் எடுத்துக் காட்டினார். இது கடன் வாங்குவது போன்றதே.

ஓர் உதாரணம் கொள்வோம். முதற்கலத்திலிருந்து இரண்டாங்கலத்துக்கு விடை வர 345 பிக்கோ செக்கன் ஆகின்றது, இருப்பதோ 330. பதினைந்து குறைகின்றது. இரண்டாங்கலத்துக்குச் செல்லும் துடிப்பை 20 தாமதித்தால் குறை தீரும். அந்த இருபதும் எங்கிருந்து வந்தது? இரண்டாங்கலத்திலிருந்து மூன்றாங்கலத்துக்குச் செல்லும் விடையிடமிருந்து கடன் பெற்றதே. அவ்விடைக்கு 300 போதுமாயின், கடனைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் இரண்டாங்கலத்துக்கு வேறொரு குறுக்குவழியும் இருக்கின்றது. அதன்வழி வரும் விடை, முந்தக்கூடாத எல்லையைவிட 12 பிக்கோ செக்கன் மட்டுமே பிந்தி வருகின்றது. துடிப்பை 20 தாமதித்ததும், அவ்விடை 8 முந்திவிடுகின்றது. பதினைந்துக்குக் குறைந்தால் பழைய குறை தீராது. பன்னிரண்டைக் கடந்தால் புதிய குறை பிறக்கும்!

வரைபடத்தின் தொடக்கத்தில் இதற்கு இடமுண்டு, காலமும் உண்டு. இறுதியிலோ கலங்கள் யாவும் இடம்பிடித்துவிட்டன, கம்பிகளும் ஓடிவிட்டன. ஆயினும், கம்பிகள் உண்மையாக ஓடிய பின்னரே அவற்றின் தாமதம் செம்மையாகத் தெரியவருகின்றது. அதனாலேயே குறைகளிற் பல கடைசி வேளையில் முகங்காட்டுகின்றன. பொறியியலாளர் கையால் ஒரு கிளையைத் திருத்துவார். அக்கிளையில் தொங்கும் இலைகள் யாவும் சேர்ந்து அசையும். மறுநாட் கணக்கில் வேறிடத்தில் புதுக் குறைகள் தோன்றும். வெப்பம், குளிர், மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு எனப் பல சூழ்நிலைகளிலும் கணக்கு ஒத்துவரவேண்டுமல்லவா?

இங்கேதான் மென்பொருள் துணைக்கு வருகின்றது. சினொப்சிஸ் நிறுவனத்தின் பிரைம்டைம், கேடன்ஸ் நிறுவனத்தின் டெம்பஸ் ஆகியவை காலக் கணக்கைச் சரிபார்ப்பதோடு திருத்தங்களையும் முன்மொழிகின்றன. ஒவ்வொரு கலத்தின் வரவையும் செலவையும் எல்லாச் சூழ்நிலைகளிலும் ஒருங்கே வைத்துப் பார்த்து, எவரிடம் எவ்வளவு கடன் பெறலாம் என்று இத்தகைய மென்பொருள் கணிக்கின்றது. மேற்கூறிய உதாரணத்தில் இரண்டாங்கலத்தை 10 பிந்தவும், முதற்கலத்தை 5 முந்தவும் விடலாம். முதற்கலத்தின் அயலார் அந்த ஐந்தைத் தாங்குவாராயின் பதினைந்தும் கிடைத்துவிடும். அதன்பின், அதே இடத்தில் அடங்கக்கூடிய வேறு வலுவுள்ள சுற்றொன்றை மாற்றியோ, வெற்றிடத்தில் புதிதொன்றைச் செருகியோ, ஒரு கலத்தை வேறு கிளைக்கு மாற்றியோ திருத்தம் நிறைவேற்றப்படும். தொட்ட கம்பிகளின் தாமதம் மீண்டும் அளக்கப்படும்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், மிகச் சிறிய மாற்றத்தால் மிகுந்த குறையைத் தீர்ப்பதே. புதுமையான சில்லுகளுக்குரிய அச்சுத் தகடுகளின் செலவு பத்து இலட்சம் டொலரைத் தாண்டுவதும் உண்டு; மறுபடி வார்க்க மாதங்கள் கழியும். ஆகவே, கண்ணுக்குப் புலனாகாத அந்தப் பிக்கோ செக்கன்களின் பின்னே பலருடைய உழைப்பும் பெரும் பொருளும் நிற்கின்றன.

எனினும், மனிதன் எழுதிக்கொடுத்த விதி பிழையாயின், மென்பொருள் அப்பிழையையும் பழுதின்றி நிறைவேற்றிவிடும். எந்தக் கிளையைத் தொடலாம், எதனைத் தொடக்கூடாது, எங்கே நிறுத்தவேண்டும் என்பவற்றை வரையறுப்பவன் இன்றும் மனிதனே. காலத்தை ஆக்கவல்லார் எவருமில்லர். கடன் வாங்கலாம், கடன் கொடுத்தவன் முறியாதபடி பார்த்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம்.