ஒளித்து வைத்த வித்தை

கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரையும் கேளுங்கள். "ரவிவர்மா படம்" என்றால் தெரியும். தாமரையில் நிற்கும் லட்சுமியும் வீணை வாசிக்கும் சரஸ்வதியும் கண்முன் வருவார்கள். "அழகிரி நாயுடு" என்றால் விழிப்பார்கள். அவர் மதுரைக்காரர்! ரவிவர்மாவின் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

சுவரில் கரிக்கோடு

அழகிரி நாயுடு, திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜாவின் அரண்மனை ஓவியர். கிளிமானூர் ராஜ ராஜ வர்மா அவரிடம் சித்திரம் கற்றார்.

ராஜ ராஜ வர்மாவின் சகோதரி மகன்தான் ரவிவர்மா. பிறந்தது 1848 ஏப்ரல் 29. சிறுவன் வீட்டுச் சுவரெல்லாம் கரியால் கிறுக்கினான் என்பார்கள். மாமா கோபிக்கவில்லை. மதுரைக்காரரிடம் கற்றதை மருமகனுக்குக் கற்றுக் கொடுத்தார். 1862-ல், 14 வயதுப் பையனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார்.

"சொல்லித் தர மாட்டேன்!"

அங்கே ராமசாமி நாயுடு என்ற ஓவியர் இருந்தார். எண்ணெய் வர்ணத்தில் கைதேர்ந்தவர். தண்ணீர் வர்ணம் சீக்கிரம் காய்ந்துவிடும். எண்ணெய் வர்ணம் மெதுவாகக் காயும். அதனால் ஒளியையும் நிழலையும் குழைத்து இழைக்கலாம். பட்டு பட்டாகவே மின்னும். முகம் உயிரோடு பேசும்.

அந்த வித்தையைச் சொல்லித் தர நாயுடு மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகக் கற்றுக் கொடுத்தார்.

1868-ல் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்றுத் தரவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். ரவிவர்மா பார்த்தார். பார்த்தே கற்றார்!

சிகாகோ வரை

1873-ல் சென்னைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. என்ன படம்? கூந்தலில் பூச்சூடும் ஒரு நாயர் பெண்! நாள்தோறும் வீட்டில் காணும் காட்சிதான்.

1875-ல் அவர் வரைந்த தமிழ்ப் பெண்ணின் படம் இங்கிலாந்து இளவரசருக்குப் பரிசானது. 1893-ல் அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போயின. அங்கும் பரிசு பெற்றன.

ஏழை வீட்டுக்கு வந்த தெய்வம்

ஆனால் அசல் ஓவியத்தை ராஜாக்கள்தானே வாங்க முடியும்? 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல். கல்லிலிருந்து காகிதத்துக்கு வர்ணத்தின் மேல் வர்ணமாகப் பதிந்து படம் பிறக்கும்.

தொழிலில் கடன் ஏறியது. 1901-ல் அச்சுக்கூடத்தை ஒரு ஜெர்மானியருக்கு விற்க நேர்ந்தது. 1906 அக்டோபர் 2-ல் ரவிவர்மா காலமானார். படங்கள் மட்டும் நிற்கவில்லை. ஊர் ஊராகப் போயின.

இதில் ஒரு பெரிய விஷயம் உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைய வழி பிறந்தது 1939-ல்தான். வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்றார். ஆனால், ரவிவர்மா அச்சிட்ட தெய்வப் படத்துக்கு வாசலில் காவல் இல்லை. யார் வீட்டுச் சுவரிலும் ஆணி அடித்து மாட்டலாம்!

ஒருவர் ஒளித்து வைத்த வித்தையை, கற்றவர் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டுச் சுவரில் குழந்தை கரியால் கிறுக்கினால், உடனே கையை ஓங்காதீர்கள். முதலில் படத்தைப் பாருங்கள்!