ஞாபகத்தைக் கேட்காதீங்க, வீட்டை வரையச் சொல்லுங்க

(எபிசோடில் பேசியது வாசிக்கத் தோதாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

காட்டுப்பாக்கத்துல இருந்து ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. ஓவியக் கல்லூரியில கடைசி வருஷம் படிக்கிறாங்க. 2015 வெள்ளத்தைப் பத்தி மக்களோட நினைவுகளைச் சேகரிச்சு, பார்க்க வர்றவங்களும் கலந்துக்கிற மாதிரி ஒரு இன்ஸ்டலேஷன் பண்ணணும்ங்கிறது திட்டம். முகலிவாக்கம், மணப்பாக்கம் பக்கம் இருந்த சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு இருபது பேர்கிட்டப் பேசிட்டாங்களாம். "எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க அண்ணா. தண்ணி வந்துச்சு, மாடிக்குப் போனோம், ரொம்பக் கஷ்டப்பட்டோம். இதை வெச்சு என்ன பண்றது? டச் ஸ்கிரீன் வாடகைக்கு எடுத்து, தொட்டா குரல் கேக்குற மாதிரி செய்யலாமா?" இதுதான் கேள்வி.

டச் ஸ்கிரீனுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல ஒண்ணு. இருபது பேரும் ஒரே மாதிரி சொன்னாங்கன்னா, அவங்ககிட்ட நினைவு இல்லைன்னு அர்த்தம் இல்லை. நாம கேட்ட கேள்வி அந்த மாதிரி. "வெள்ளத்தைப் பத்தி உங்க நினைவு என்ன?"ன்னு கேட்டா, யாரா இருந்தாலும் டிவிக்குப் பேட்டி கொடுக்குற மாதிரிதான் பதில் சொல்வாங்க. வேற எப்படிக் கேட்கலாம்ங்கிறதுக்கு நமக்குப் பக்கத்துலயே, தமிழ்லயே, ஒரு பெரிய உதாரணம் இருக்கு. அதுக்கு யாழ்ப்பாணம் வரைக்கும் போயிட்டு வரணும்.

தா. சனாதனன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல கலை வரலாறு கற்பிக்கிற ஓவியர். 2011-ல அவரோட ஒரு கலைப்புத்தகம் வந்துச்சு. பேரு 'த இன்கம்ப்ளீட் தோம்பு', நம்ம பாஷையில முடிவுறாத தோம்பு. தோம்புன்னா போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம், என்ன மரம் நிக்குது, எவ்வளவு வரின்னு எழுதி வைக்கிற கணக்கு. நம்ம ஊர் பட்டா, சிட்டா மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.

சனாதனன் என்ன செஞ்சாருன்னா, போரால வீட்டை விட்டுப் போக வேண்டி வந்த, தமிழ் பேசுற மக்கள்கிட்டப் போனாரு. 1995 அக்டோபர் 30-ந் தேதி ஒரே ராத்திரியில வலிகாமம் பகுதியே காலியாச்சு. லட்சக்கணக்கான பேர் நடந்தே தென்மராட்சிப் பக்கம் போனாங்க. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1990 அக்டோபர்ல, வடக்குல இருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேத்தினாங்க. 'தமிழ் பேசும்'ங்கிற வார்த்தைக்குள்ள இந்த ரெண்டு பேரும் வர்றாங்க. இப்படிப்பட்டவங்ககிட்டப் போயி "போரைப் பத்திச் சொல்லுங்க"ன்னு அவர் கேட்கலை. விட்டுட்டு வந்த வீட்டோட தரைப்படத்தை ஒரு தாள்ல வரைஞ்சு காட்டச் சொன்னாரு.

அப்படி 80 வீடுகள். வீட்டுக்காரர் கையால கோணல்மாணலா வரைஞ்ச படம். அதையே கட்டடக்கலைஞர் அளவுகோல் வெச்சு ஒழுங்கா வரைஞ்ச படம். சனாதனன் பேஸ்டல்ல தீட்டுன ஓவியம். கூடவே அந்த வீட்டுக்காரர் சொன்ன கதை. ரேக்கிங் லீவ்ஸ்னு ஒரு பதிப்பகம் அதை அரசாங்க ஆபீஸ் கோப்பு மாதிரி ஒரு வடிவத்துல கொண்டு வந்துச்சு. பதிவேட்டுல சேராதவங்களுக்காக இவர் போட்ட பதிவேடு அது.

வரையச் சொன்னதுல அப்படி என்ன விசேஷம்? இந்த எபிசோடுக்காக நானே உட்கார்ந்து பார்த்தேன். எங்க பாட்டி வீட்டை வரைஞ்சேன். பன்னெண்டு வயசு வரைக்கும் எல்லா லீவுக்கும் போன வீடு. திண்ணை வந்துச்சு, கூடம் வந்துச்சு. அடுக்களையைப் போட்டதும், கிணத்தடிக்குப் போற கதவு எந்தப் பக்கம்னு தெரியலை. பென்சிலை வெச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். அப்புறம் கை தானா இடது பக்கம் போச்சு, ஏன்னா அந்த நிலைப்படியில தலை இடிச்சு எனக்கு ரத்தம் வந்திருக்கு. அந்தச் சம்பவத்தை நான் முப்பது வருஷமா நினைச்சதே இல்லை. "பாட்டி வீட்டைப் பத்திச் சொல்லு"ன்னு கேட்டிருந்தா "நல்ல பெரிய வீடு"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். கேட்டுக்கிட்டிருக்கிற நீங்களும் இதை நிறுத்திட்டு ஒரு தடவை வரைஞ்சு பாருங்க. சுவர் ஒண்ணோட ஒண்ணு சேராது. அளவு தப்பா வரும். ஒரு வேளை அந்தத் தப்புலதான் விஷயமே இருக்கும். அதனால யாரு தப்பா வரைஞ்சாலும் திருத்தாதீங்க.

சரி, 'கலந்துக்கிற' பகுதி? அதுக்கும் அவர்கிட்டயே ஒரு படைப்பு இருக்கு: 'கேபினட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்'. 2016 கொச்சி-முசிறிஸ் பினாலேல வெச்சிருந்தாங்க. பழைய நூலகங்கள்ல புத்தகம் தேடுறதுக்குச் சின்னச் சின்ன இழுப்பறையா ஒரு மர அலமாரி இருக்கும் பாருங்க, உள்ள அட்டை அட்டையா அடுக்கியிருப்பாங்க. அதேதான். இழுத்தா, அட்டைகள்ல போரைக் கடந்து வந்த சாதாரண ஜனங்களோட கதைகள் இருக்கும். 1990-கள்ல யாழ்ப்பாணத்துல மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய்க்கும் பேட்டரிக்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல்ல திரி போட்டு விளக்கு எரிச்சாங்க. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டாங்க. அந்தச் சமாளிப்பும் ஒரு எதிர்ப்புதாங்கிறது தலைப்புலயே இருக்கு.

இதுல கரண்ட் இல்லை, சென்சார் இல்லை. ஆனா பார்வையாளர் வேலை செஞ்சாகணும். எந்த அறையை இழுக்குறதுன்னு முடிவெடுக்கணும், நின்னு படிக்கணும், திருப்பி வைக்கணும். பெரும்பாலான அறைகளைத் திறக்காமலேயே போவோம், அதுவும் நமக்குத் தெரியும். இன்னொண்ணு, நூலக அலமாரிங்கிறது யாழ்ப்பாணத்துக்காரங்களுக்குச் சும்மா ஒரு மரச்சாமான் இல்லை. 1981-ல எரிஞ்ச யாழ்ப்பாணப் பொது நூலகத்துல ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போச்சு.

மாணவர்கள் இதைச் செஞ்சதில்லையான்னு கேட்டீங்கன்னா, டெல்லியைச் சேர்ந்த ஆஞ்சல் மல்ஹோத்ரா. கனடாவுல கான்கார்டியா பல்கலைக்கழகத்துல நுண்கலை முதுகலை படிக்கும்போது, 2013-ல, சொந்தக்காரங்க வீட்டுல ரெண்டு பொருளைப் பார்த்தாங்க: லஸ்ஸி கடையுற ஒரு பாத்திரம், துணி அளக்குற கஜக்கோல். பிரிவினை சமயத்துல லாகூர்ல இருந்து வந்த சாமான்கள். அதுல இருந்து, எல்லை தாண்டி வந்தவங்க கையில என்ன எடுத்துட்டு வந்தாங்கன்னு கேட்டுக்கிட்டே போனாங்க. அது ஆய்வாகி, 2017-ல 'ரெம்னன்ட்ஸ் ஆஃப் அ செபரேஷன்'னு புத்தகமும் ஆச்சு. அவங்களும் "பிரிவினை எப்படி இருந்துச்சு?"ன்னு ஆரம்பிக்கலை. பொருளைக் கையில கொடுங்கன்னுதான் ஆரம்பிச்சாங்க.

இப்போ காட்டுப்பாக்கத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் 1-ந் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்துல இருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்தாங்க. அடையாறு கரையோரம் எல்லாம் போச்சு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த டிசம்பர் நடுவுல அரசாங்கம் சிறப்பு முகாம் போட்டது ஞாபகம் இருக்கா? வெள்ளத்துல போன சான்றிதழ், பட்டா, ரேஷன் அட்டை மாதிரி ஆவணங்களுக்குக் கட்டணம் இல்லாம நகல் கொடுத்தாங்க. நல்ல காரியம்தான். எனக்குத் தோணுறது, உங்க கேள்வி அந்த முகாம் வாசல்லயே இருக்கு: "முகாம்ல நகல் கிடைக்காத எது உங்க வீட்ல போச்சு? அது எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?"

ரெண்டாவது பாதி முக்கியம். கல்யாண ஆல்பம் பீரோவோட கீழ்த்தட்டுல இருந்துச்சா? அம்மா கையெழுத்துல இருந்த சமையல் நோட்டு மேடைக்கு அடியிலயா? இறந்தவர் சட்டை டிரங்குப் பெட்டியிலயா? கையால உயரத்தைக் காட்டச் சொல்லுங்க, அளவு நாடாவுல எழுதிக்குங்க. "ரொம்பக் கஷ்டப்பட்டோம்"னு சொன்ன அதே ஆளு, "இங்க, முட்டிக்குக் கொஞ்சம் கீழ"ன்னு சொல்லும்போது வேற ஆளா ஆயிடுவாரு.

அந்த உயரங்கள்லயே சுவர்ல சின்னப் பெட்டிகளை மாட்டலாம். ஒவ்வொண்ணுலயும் ஒரு அட்டை. தரையில வெச்சிருந்த பொருளைப் படிக்கணும்னா பார்வையாளர் குந்தணும். பரண்ல இருந்து தப்பிச்சதைப் படிக்க எக்கணும். நடுவுல வெறும் அட்டையும் பென்சிலும் வைங்க, வர்றவங்களும் எழுதட்டும். டச் ஸ்கிரீன் வாடகைப் பணத்துல இத்தனைக்கும் மரம் வாங்கிடலாம்.

கடைசியா ஒண்ணு, இதை உங்க ஆசிரியர் கேட்காமலும் விடலாம். ஒரு அம்மா இறந்துபோன பையனோட போட்டோவைப் பத்திச் சொன்னா, அது உங்க மார்க்குக்காகச் சொன்னது இல்லை. பேரு போடலாமான்னு ரெண்டு தடவை கேளுங்க: பேசின அன்னைக்கு ஒரு தடவை, அட்டையை எழுதி வாசிச்சுக் காட்டுன அப்புறம் ஒரு தடவை. நடுவுல மனசு மாறும். வேண்டாம்னா எடுத்துடுங்க, எவ்வளவு நல்ல அட்டையா இருந்தாலும். கண்காட்சி முடிஞ்சதும் அவங்கவங்க அட்டையோட ஒரு நகலை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்க.

அந்த இருபது பேர்கிட்டயும் மறுபடி போக வேண்டியிருக்கும். இந்தத் தடவை அளவு நாடா எடுத்துட்டுப் போங்க. கண்காட்சி எப்போன்னு சொல்லுங்கம்மா, நான் வர்றேன்.