அடுக்கினால் தெரியும் இதயம்

வீட்டில் குடைமிளகாய் இருந்தால், அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒன்றை வட்ட வட்டமாக நறுக்கித் தரச் சொல்லுங்கள். காம்பை ஒட்டிய வட்டத்தைப் பாருங்கள். உள்ளே மூன்று நான்கு அறைகள். நடுவே தடுப்புச் சுவர்கள். இப்போது நடுப்பகுதி வட்டத்தை எடுங்கள். சுவர்கள் குட்டையாகிவிட்டன, ஒன்றையொன்று தொடவில்லை. அறைகள் எல்லாம் சேர்ந்து ஒரே கூடமாகிவிட்டன!

ஒரு வட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியுமா? தெரியாது. வரிசை மாறாமல் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால்தான் மிளகாயின் உள்வீடு புரியும்.

சி.டி. ஸ்கேனும் இதைத்தான் செய்கிறது. கத்தி படாமல், எக்ஸ் கதிர்களைக் கொண்டு உடம்பை வட்டம் வட்டமாகப் படம் பிடிக்கிறது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற இங்கிலாந்துப் பொறியாளர் உருவாக்கிய கருவி இது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதன்முறையாக ஒரு நோயாளியின் தலையை அது படமெடுத்தது. 1979-இல் அவருக்கும் ஆலன் கோர்மக் என்ற இயற்பியலாளருக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்கேன் படம் சின்னஞ்சிறு கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, எலும்புக்குப் பல நூறு. எண் கூடக் கூட, கட்டம் வெளுப்பாகத் தெரியும். டாக்டர்கள் இந்தப் படங்களை மனத்துக்குள் அடுக்கிப் பார்க்கப் பல ஆண்டுகள் பழகியவர்கள். நமக்கோ, "இதோ, இங்கேதான்" என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டினாலும் மழை மேகம் மாதிரிதான் தெரியும். புரியாதது பயத்தைத் தரும், இல்லையா?

இங்கேதான் கண்ணில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். எனப்படும் மெய்நிகர்க் கருவி கைகொடுக்கிறது. முதலில், கணினி அந்த எண்களைப் பார்த்து எல்லாப் படங்களையும் அடுக்கி முழு உறுப்பாக்குகிறது. பிறகு அதைக் கண்முன் நிறுத்த வேண்டும். எப்படி? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பென்சில் முனைகளைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து முட்டவையுங்கள். குறி தப்புகிறதா? இரண்டு கண்ணும் சற்றே வேறுபட்ட காட்சிகளைப் பார்ப்பதால் நமக்கு ஆழம் நன்றாகத் தெரிகிறது. வி.ஆர். கருவியும் இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே மாறிய இன்னொரு படம் காட்டுகிறது. மூளை இரண்டையும் சேர்த்து, "இது என் எதிரே நிற்கிறது!" என்று நம்பிவிடுகிறது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு மெய்நிகர் இதயம் இருக்கிறது. இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவே ஒரு சுவர் உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே அதில் ஓட்டை இருக்கும். இடப்பக்க இரத்தம் அதன் வழியே வலப்பக்கம் பாயும். அந்த மெய்நிகர் இதயத்தைக் கையில் எடுத்துத் திருப்பலாம். உள்ளே போய் நின்று அப்படிப்பட்ட குறையைப் பார்க்கலாம். அது யாருடைய சொந்த இதயமும் அல்ல, மாதிரிக்காகச் செய்த வடிவம். ஸ்டான்ஃபோர்டின் மூளை அறுவை மருத்துவர்களோ, நோயாளியின் சொந்த ஸ்கேன்களையே அடுக்கி, அவருடைய மூளைக்குள் அவரையே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள்.

எல்லா மருத்துவமனையிலும் இந்தக் கருவி இருக்காது. ஆனால் நம் உடம்பைப் பற்றி அறியும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நாளை உங்களுக்கோ பாட்டிக்கோ ஸ்கேன் எடுத்தால், தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், இது எந்த இடம்? எனக்கும் புரியும்படி காட்டுங்களேன்." ஒரு தாளில் அவர் வரைந்து காட்டினாலும் போதும். குடைமிளகாயை அடுக்கிப் பார்த்த உங்களுக்கு அது நிச்சயம் புரியும்.