டிராக்டருக்குள் வந்த கம்ப்யூட்டர்

புரட்டாசியில் இரண்டு மழை பெய்துவிட்டால் திருமங்கலம், பேரையூர் பகுதிக் கரிசல் காடுகளில் உழவு மும்முரமாகிவிடும். ஈரம் காய்வதற்குள் விதை விழ வேண்டும். அந்த நேரத்தில் வாடகைக்கு வந்த பெரிய டிராக்டர் பாதிக் காட்டில் இழுவை குறைந்து, மஞ்சள் விளக்கும் எரிந்தால் விவசாயிக்குப் பதற்றம் ஏற்படுவது இயல்பே. ஸ்பேனரையும் ஸ்குரூ டிரைவரையும் கொண்டு பம்பைத் திருகிச் சரிசெய்யும் பழைய வழக்கம் இவ்வகை டிராக்டரில் செல்லாது. ஏன் செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 1.1.2023 முதல் 'டிரெம் நான்காம் நிலை' என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. இதற்கேற்ப இந்த டிராக்டர்களில் டீசலை அளந்து கொடுக்கும் வேலை கம்ப்யூட்டர் பெட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது. டர்போ சார்ஜரும் பலவற்றில் உண்டு. ஆனால் இன்று ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கும் 50 குதிரைத் திறனுக்கு உட்பட்ட டிராக்டர்களில் பெரும்பாலானவை பழைய முறைப் பம்பு கொண்டவையே.

காற்றும் டீசலும்

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14½ கிலோ காற்று தேவை. அதாவது ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று. நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே காற்று இருக்க வேண்டும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால், சரியாக எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். கரும்புகை என்பது விவசாயியின் பணம் புகையாகப் போவதே ஆகும்.

டர்போவின் வேலை காற்றைக் கூட்டுவது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூச்சி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறை இது.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

மெக்கானிக்குகள் நன்கறிந்த 'மைக்கோ' பம்பில், கவர்னர் எடைகள் வேகத்துக்கேற்ப விரிந்து சுருங்கி டீசலைக் குறைக்கும் அல்லது கூட்டும். புதிய 'காமன் ரெயில்' முறையில், காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் டீசல் ஒரு பொதுக் குழாயில் தயாராக நிற்கும். எந்த இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் மின்சாரத்தின் மூலம் கட்டளையிடும்.

இதற்காக எஞ்சினில் பல 'சென்சார்'கள் உள்ளன. எஞ்சின் வேகம், ஆக்சிலேட்டரின் நிலை, தண்ணீரின் சூடு, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், குழாயில் டீசல் அழுத்தம் ஆகியவற்றை இவை தெரிவிக்கும். கம்ப்யூட்டருக்குள் வாய்ப்பாடு போல ஓர் அட்டவணை பதிவாகியிருக்கும். 'இந்த வேகம், இந்தப் பாரம் என்றால் இவ்வளவு டீசல்' என்பதே அந்த வாய்ப்பாடு. மகிந்திரா நோவோ வரிசையின் சில மாடல்களில் டீசல் சிக்கனம், சாதாரணம், கூடுதல் வலு என மூன்று நிலைகளை ஓட்டுநரே தேர்ந்தெடுக்கலாம். நிலைக்கேற்ப வாய்ப்பாடும் மாறும். லேசான வேலைகளுக்குச் சிக்கன நிலையும், கடினமான சேற்று உழவுக்கு வலு நிலையும் ஏற்றவை.

வாய்ப்பாட்டை மாற்றலாமா?

காட்டிலும் மேட்டிலும் பந்தயம் ஓட்டும் ஜீப்புகளில், விருப்பம்போல் வாய்ப்பாட்டை மாற்றக்கூடிய கம்ப்யூட்டரைப் பொருத்துவது உண்டு. அங்கு புதிய சென்சார்களும் ஒயரிங்கும் போட்டு, சோதனை மேடையில் எஞ்சினை ஓட்டி, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துப் பார்த்துத் திருத்துவார்கள். எஞ்சின் கெட்டாலும் பந்தயக்காரருக்கு ஒரு பந்தயம்தான் போகும். விவசாயிக்கோ ஒரு பருவமே போய்விடும்.

பழைய பம்பு டிராக்டரில் இத்தகைய பெட்டியை மட்டும் மாட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. அதன் கட்டளையை ஏற்கும் பம்போ இன்ஜெக்டரோ அங்கு இல்லை. டர்போவுக்கென வடிவமைக்கப்படாத பழைய எஞ்சினில் டர்போவைப் பொருத்துவதும் நல்லதல்ல. பிஸ்டனும் எஞ்சின் ஆயிலும் அந்தச் சூட்டைத் தாங்கமாட்டா.

புதிய டிராக்டரில் 'சிப்' போட்டால் இழுவை கூடும் என்பார்கள். சில வகைச் சிப்புகள், குழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குப் பொய்ச் செய்தி அனுப்பி அழுத்தத்தைக் கூட்ட வைப்பவை. இழுவை கூடுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கிளட்ச், கியர், பின் அச்சு ஆகியவை பழைய வலுவுக்கே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அவை தேயும், டர்போ சூடேறும், கம்பெனியின் உத்தரவாதமும் கைவிட்டுப் போகும். வாகனத்தின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

1. டீசல்: இன்ஜெக்டரின் துளை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கேனில் தங்கிய தூசியும் தண்ணீரும் அதைக் கெடுத்துவிடும். டீசலை வடிகட்டியே ஊற்ற வேண்டும். தண்ணீர் பிரிப்பானைத் தவறாமல் திறந்துவிட வேண்டும்.

2. காற்று: கோடை உழவில் எழும் புழுதி டர்போவுக்கு எமன். பேப்பர் பில்டரை டயரில் தட்டிச் சுத்தம் செய்யலாகாது. கிழிந்ததை உடனே மாற்ற வேண்டும்.

3. ஆயில்: ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினை உறுமவிடக் கூடாது. கடும் உழவு முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். உடனே நிறுத்தினால் டர்போ தண்டிலுள்ள ஆயில் கருகிவிடும்.

4. மின் இணைப்பு: எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது. கலப்பையை டிராக்டரிலிருந்து கழற்றிய பின்பே வெல்டிங் செய்ய வேண்டும். டிராக்டரிலேயே வெல்டிங் தேவையானால் முதலில் பேட்டரி, கம்ப்யூட்டர் இணைப்புகளைக் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது.

5. கசிவு: டீசல் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது ஆபத்து. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

விளக்கு எரிந்தால்

மஞ்சள் விளக்கு எரிந்து இழுவை குறைவது, பெரும்பாலும் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடே. முதலில் டீசல் பில்டரில் தண்ணீர், காற்று பில்டரில் அடைப்பு, பேட்டரி முனையில் தளர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதன்பின் 'ஸ்கேனர்' கருவி உள்ள மெக்கானிக்கை அழைத்தால் பழுதின் எண்ணைப் படித்துச் சொல்வார். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

யாருக்கு எது ஏற்றது?

ஒன்பது கொத்துக் கலப்பை இழுக்கும் சிறு விவசாயிக்கு 45 குதிரைத் திறன் போதுமானது. கம்ப்யூட்டர் டிராக்டர் கட்டாயமில்லை. பெரிய டிராக்டர் தேவைப்படும் வேலைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை 'உழவன்' செயலி மூலம் பதிவு செய்யலாம். கூட்டாக வாங்க நினைப்போர், மத்தியப் பிரதேசம் புத்னியிலுள்ள மத்திய அரசுச் சோதனை நிலையத்தின் அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்டு, டீசல் செலவைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. பழைய டிராக்டர் வாங்குவோர், 'சிப்' போட்டதா என்பதையும் ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

சிப்புக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பில்டருக்கும் நல்ல ஆயிலுக்கும் செலவிட்டாலே, மழை விழும் நாளில் டிராக்டர் தயாராக நிற்கும்.