குளிர்காலச் சரக்கும் கொள்முதல் கணக்கும்

டில்லியில் கம்பளியாடைக் கடை வைத்திருக்கும் நம்மவருக்கு ஐப்பசி பிறந்தால் ஒரே கவலை: எத்தனை ஸ்வெட்டர் வாங்குவது? குளிரின் கடுமையை முன்னறிவார் யார்?

ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கி 500க்கு விற்பதாகக் கொள்வோம். சரக்கின்றி ஒருவரைத் திருப்பியனுப்பினால் போவது 200 ரூபாய் இலாபம். மிஞ்சியதை மாசியில் 200க்குத் தள்ளினால் நஷ்டம் 100. ஆகவே, ஒரே தடவைதான் வாங்க இயலுமாயின், மூன்றாண்டுக்கு ஒருமுறை மட்டுமே சரக்குப் பற்றாமற்போகும் அளவுக்கு வாங்குவதே முறை.

ஆனால், ஸ்வெட்டர் பின்னும் ஆலைகள் மிகுந்த லூதியானா ஓர் இரவுப் பயணத்தில் உள்ளது. எனவே, கைமுதலில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, விற்பனை தொடங்கிய முதலிரு வாரங்களில் எந்த அளவு, எந்த நிறம் விலைபோகிறதெனக் கண்டு, மார்கழிக்குள் மீண்டும் வாங்குக. தை முடிந்தபின் வரும் சரக்கு, வந்த அன்றே மிஞ்சிய சரக்காகும்.