உப்பு வாங்கப் போனவன் எப்போது வருவான்?

போன கோடை விடுமுறையில் என் அக்கா மகள் போன் செய்தாள். அப்போதுதான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

"மாமா, வீட்டுல இருக்கிற பழைய கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் பண்ணிடலாமா? ஆன் பண்ணிட்டுப் போய்க் குளிச்சிட்டே வந்துடலாம், அவ்வளவு ஸ்லோ."

ஓவர்கிளாக் என்றால் என்னவென்று கேட்டேன். "ப்ராசசரோட வேகத்தை நாமளே கூட்டுறது. காசே செலவு இல்லையாம்" என்றாள். சரியான பதில்தான். மறுநாளே ஸ்க்ரூ டிரைவருடன் கிளம்பினேன்.

அந்தக் கணினியை எனக்கு நன்றாகத் தெரியும். நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. உள்ளே இருப்பது 2007-இல் வெளிவந்த இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600 என்ற ப்ராசசர். நான்கு கோர்கள், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வேகம். ஓவர்கிளாக் செய்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் இது செல்லப்பிள்ளை.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 கோடித் துடிப்பு. இந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? மதர்போர்டில் மாத்திரை வடிவில் ஒரு சின்ன வெள்ளி நிறக் கூடு இருக்கும். அதற்குள் குவார்ட்ஸ் படிகத் துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னூட்டம் தோன்றும் என்று 1880-இல் பிரான்ஸில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி இருவரும் கண்டுபிடித்தார்கள். திருப்பிப் போட்டாலும் அது நடக்கும். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும், அதுவும் தாளம் தப்பாமல்.

உங்கள் கைக்கடிகாரத்தில் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைப் பாதியாக்குங்கள். திரும்பவும் பாதியாக்குங்கள். பதினைந்தாவது தடவை சரியாக 1 வரும், அதுதான் ஒரு நொடி. ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், அந்த 1 வந்து நிற்கும்போது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்!

கணினியின் படிகத்துக்கு வேகம் அதிகம். நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 43 லட்சம் அதிர்வு. அதை வைத்துக்கொண்டு மதர்போர்டில் இருக்கும் ஒரு சில்லு 266 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 26 கோடியே 66 லட்சம் துடிப்பை உண்டாக்குகிறது. ப்ராசசர் அதை 9-ஆல் பெருக்கிக்கொள்கிறது. வந்துவிட்டதா 240 கோடி? இந்த ப்ராசசரில் 9-ஐ அதற்கு மேல் ஏற்ற முடியாது, அது பூட்டிய கதவு. ஆனால் 266-ஐ மாற்றலாம். கணினி விழித்ததும் வரும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய் 266 என்பதை 333 ஆக்கினால், 333 × 9, நொடிக்கு 300 கோடி. இதுதான் ஓவர்கிளாக்கிங்.

அப்படியானால் 400 வைத்தால் என்ன, 500 வைத்தால் என்ன?

வீடு கட்டும்போது தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கலவைச் சட்டி கீழிருந்து மாடி வரை கைமாறிக் கைமாறிப் போகும். எல்லாருக்கும் ஒரே தாளம். ஒருவர் கையை நீட்டும் அதே நேரத்தில் அடுத்தவர் கை அங்கே இருக்கவேண்டும். தாளத்தைக் கொஞ்சம் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ரொம்பக் கூட்டினால்? ஒருவர் இன்னும் திரும்பியே இருக்கமாட்டார், சட்டி வந்துவிடும். கலவை தரையில். ப்ராசசருக்குள்ளும் மின்குறிகள் ஒரு வரிசை டிரான்சிஸ்டர்களிலிருந்து அடுத்த வரிசைக்கு இப்படித்தான் கைமாறுகின்றன. அடுத்த துடிப்பு வருவதற்குள் போய்ச் சேர்ந்தாகவேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரண்டு துடிப்புக்கு இடையே ஒளியே 12.5 சென்டிமீட்டர்தான் ஓடும், ஒரு பேனாவின் நீளம்கூட இல்லை! குறி பிந்தினால் 1 வரவேண்டிய இடத்தில் 0 வரும். கணக்கு தப்பும், கணினி உறைந்து நிற்கும்.

ஆனாலும் தொழிற்சாலையில் எழுதி அனுப்பும் வேகத்துக்கு மேல் கொஞ்சம் இடம் பெரும்பாலும் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு சில்லும் கட்டாயம் எட்டிவிடும் வேகத்தைத்தான் அதன் மேல் எழுதுவார்கள். 1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவான ப்ராசசரில் இந்த மிச்சம் ஏராளம். 66 மெகாஹெர்ட்ஸை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-இல் ஓடியது. எல்லாச் சில்லும் ஓடவில்லை, நிறையச் சில்லுகள் ஓடின. உலகம் முழுக்க எத்தனையோ பிள்ளைகள் கணினியைத் திறந்து பார்க்கத் துணிந்தது அந்தக் குட்டிச் சில்லால்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, நம் கணினிக்கு வருவோம்.

பயாஸுக்குள் போக அவள் துடித்தாள். "கொஞ்சம் இரு. அது எங்க மெதுவாகுதுன்னு முதல்ல பார்த்துடலாம்" என்றேன். கணினியைப் போட்டோம். திரை பயன்படுத்தும் நிலைக்கு வர நான்கு நிமிடம். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். மூன்று எண்கள் கண்ணில் பட்டன. ப்ராசசர் 12 சதவீதம். ரேம் 91 சதவீதம். ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம்.

"மாமா, ப்ராசசர் சும்மாதானே இருக்கு!" என்றாள்.

ஆமாம், சும்மாதான் இருந்தது. ஏன் என்று தெரியவேண்டுமானால் ஒரு சமையற்கட்டுக்குள் போகவேண்டும். ப்ராசசர் சமையல்காரர். ரேம் அவர் பக்கத்தில் இருக்கும் மேடை, கையை நீட்டினால் எட்டும். ஹார்ட் டிஸ்க் கடைத்தெரு. மேடையில் இல்லாத பொருளுக்குக் கடைக்கு ஆள் அனுப்பவேண்டும்.

கடை எவ்வளவு தூரம்? ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தேடும் தகவல், அதைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிநொடிக்கு மேல் காத்திருக்கவேண்டும். அதற்கு முன்னால் முள் சரியான தடத்துக்கு நகர்ந்து வரவேண்டும், அதற்குச் சுமார் 9 மில்லிநொடி. ஆக மொத்தம் 13. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லையே என்று தோன்றும், அது நமக்கு! நொடிக்கு 240 கோடி முறை துடிக்கிறவருக்கு அந்த 13 மில்லிநொடியில் 3 கோடித் துடிப்புக்கு மேல் ஓடிவிடும்.

ஒரு துடிப்பை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொன்னேன். 13.2 மில்லிநொடி என்றால் 3 கோடியே 16 லட்சத்து 80 ஆயிரம் துடிப்பு. அத்தனை நொடியை 60-ஆல், திரும்ப 60-ஆல், பிறகு 24-ஆல் வகுத்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"366 நாள் வருது மாமா. ஒரு வருஷம்!"

உப்பு வாங்கக் கடைக்குப் போனவன் ஒரு வருடம் கழித்து வருகிறான். அதுவரை சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வந்ததும் மிளகாய்க்கு அனுப்புகிறார், அதற்கு இன்னொரு வருடம். மேடையில் இருக்கும் பொருளோ இதே கணக்கில் சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். நம் கணினியில் ரேம் இரண்டே ஜிபி. மேடை குறுகல் என்பதால் புதிதாக எதையாவது வைக்கவேண்டுமானால் ஏற்கெனவே இருப்பதைக் கடைத்தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரவேண்டியிருந்தது. இப்போது ப்ராசசரை 3 ஜிகாஹெர்ட்ஸ் ஆக்கினால் என்ன ஆகும்? கடை கிட்டே வந்துவிடாது. அதே 13 மில்லிநொடிக்குள் அவர் இன்னும் அதிகத் துடிப்புகளை வீணாக்குவார். ஒரு வருடக் காத்திருப்பு ஒன்றேகால் வருடமாகும்!

ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967-இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகமாக்கினால், அந்தப் பகுதி எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்குத்தான் பலன். நம் நான்கு நிமிடத்தில் ப்ராசசர் உண்மையில் உழைத்தது 40 நொடி என்று வைத்துக்கொள்வோம். அதைக் கால் பங்கு வேகமாக்கினால் 32 நொடி. 240 நொடி 232 ஆகும், அவ்வளவுதான். இந்த ஒரு கணக்குக்காக நான் அம்டாலை மனதார வணங்குவேன்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. தகவல் கைக்கு வரச் சுமார் 0.1 மில்லிநொடி. அவள் கணக்கில் ஒரு வருடம் மூன்று நாளுக்குள் அடங்கிவிட்டது. ரேமை நான்கு ஜிபி ஆக்கினோம். நான்கு நிமிடம் 45 நொடியானது.

இன்னொரு குறையும் இருந்தது. பள்ளி ஆண்டுவிழா வீடியோ ஒன்றை அவள் சிறிய கோப்பாக மாற்றினாள். இது ப்ராசசரின் சொந்த வேலை, நான்கு கோர்களும் 100 சதவீதம் ஓடின. ப்ராசசரின் வேகத்தைக் காட்டும் சின்ன நிரலைப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் 266 × 9 என்பது 266 × 6 ஆகிவிட்டது. அதாவது 1.6 ஜிகாஹெர்ட்ஸ். சூடு தாங்காமல் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. (கணினி சும்மா இருக்கும்போது 6 காட்டினால் பயப்படாதீர்கள், மின்சாரத்தைச் சேமிக்க அது தானாகவே குறைத்துக்கொள்ளும். மூச்சு முட்ட வேலை செய்யும்போது 6 காட்டினால்தான் கோளாறு.)

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டைத் திறந்தோம். கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டோம், உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும். நீங்கள் திறப்பதாக இருந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

ப்ராசசர் மேல் இருக்கும் ஃபேன் சுத்தமாகத்தான் தெரிந்தது. அதைத் தூக்கியதும் கீழே வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல, விரல் கனத்துக்குத் தூசு. அவள் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், வட்டம் குலையாமல் அப்படியே உரிந்து வந்தது! காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது, தகடுகளைத் தொடவே இல்லை. ப்ராசசருக்கும் உலோகத்துக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தோம். பிறகு வீடியோ முடியும்வரை 9 இறங்கவே இல்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது. தொழிற்சாலையில் கொடுத்த வேகம் அன்றைக்குத்தான் அந்தக் கணினிக்குத் திரும்பக் கிடைத்தது.

"இப்ப ஓவர்கிளாக் பண்ணலாமா?"

இப்போது பண்ணலாம். பயாஸில் 333 வைத்தோம். ரேமின் வேகமும் இந்த எண்ணோடு சேர்ந்தே ஏறும், அதனால் அதன் விகிதத்தை ஒரு படி குறைத்தோம். மின்னழுத்தத்தைத் தொடவில்லை. இரவு ப்ரைம்95 என்ற நிரலை ஓடவிட்டுத் தூங்கப் போனோம். மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதிய நிரல் அது. விடை முன்பே தெரிந்த பெருங்கணக்குகளை ப்ராசசரிடம் கொடுத்து, சரியாகப் போடுகிறதா என்று ஒத்துப் பார்க்கும். காலையில் நான்கு கோர்களில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, விடை தவறு என்று எழுதிவிட்டு நின்றிருந்தது. கலவைச் சட்டி எங்கோ தவறிவிட்டது.

"வோல்டேஜைக் கூட்டினா சரியாகும்னு சொன்னாங்களே?" என்றாள். உண்மைதான், அழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பாக மாறும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். வெப்பம் வேகத்தோடு நேராக ஏறும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாக ஏறும். வேகம் 1.25 மடங்கு. மின்னழுத்தம் 1.25 வோல்ட்டிலிருந்து 1.35 ஆனால் 1.08 மடங்கு, அதன் வர்க்கம் ஏறத்தாழ 1.17. இரண்டையும் பெருக்கினால் 1.46. கால் பங்கு வேகத்துக்கு அரைப் பங்கு வெப்பம். பழைய மதர்போர்டு, பழைய எஸ்.எம்.பி.எஸ்., அதே சின்ன ஃபேன். எனக்கு மனம் வரவில்லை.

312 வைத்தோம். 2.8 ஜிகாஹெர்ட்ஸ். மறுநாள் காலை நான்கு கோர்களும் ஒரு தவறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துக்கொண்டு, அதே ஆண்டுவிழா வீடியோவை மறுபடி மாற்றினாள். நோட்டில் '20 நிமிடம்' என்று எழுதியிருந்ததற்குக் கீழே '17 நிமிடம், 8 நொடி' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். பக்கத்திலேயே 20-ஐ, வேகம் கூடிய மடங்கான 1.17-ஆல் வகுக்கவும் ஆரம்பித்திருந்தாள்.