நினைவுப் பேழையும் அதன் வெப்பமும்

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ரமாக் என்னும் கணிப்பொறியை வெளியிட்டனர். அதனோடு இணைந்த சேமிப்புப் பெட்டியில், 2 அடி விட்டமுள்ள தட்டுகள் 50, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று ஓயாது சுழன்றுகொண்டிருந்தன. அதன் எடை ஏறக்குறைய ஒரு டன். அத்துணைப் பெரிய பொறி தன்னுள் தாங்கியிருந்த எழுத்துகளோ 50 லட்சமே. இன்று 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சிறு பலகையில் 8 டெராபைட், அதாவது 8 லட்சம் கோடி பைட்டுச் செய்தியை அடக்கிவிடுகிறார்கள். யூனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் வழக்கமாக 3 பைட்டு இடம் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் இகரக் குறியையும் புள்ளியையும் சேர்த்துக் குறிகள் ஐந்து. ஆகவே 15 பைட்டு. அச்சொல்லை அச்சிறு பலகையில் 50,000 கோடி முறைக்கு மேல் எழுதி வைக்கலாம். எஸ்.எஸ்.டி. எனப் பெயர் வழங்கும் அந்தத் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

மாணவர்களே, இதனைப் பற்றி அறிந்துகொள்வதில் உங்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஆராய்ச்சிக் குறிப்புகளும், எடுத்த படங்களும், பதிவு செய்த ஒலிகளும் இன்று இத்தகைய பேழைகளுக்குள்ளேதான் அடைக்கலம் புகுந்திருக்கின்றன. அவற்றுள் கொள்ளளவு மிகுந்தவற்றின் விலையும் அற்பமன்று. தவறாகத் தேர்ந்தால் பணம் போகும். தவறாகப் பேணினால் மூன்றாண்டு உழைப்பே போய்விடவும் கூடும்.

முதலில் இதன் உள்ளே நிகழ்வது யாது எனக் காண்போம். 1967ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் டவான் காங், சைமன் சே என்னும் இருவர், மின்சாரத்தைக் கடத்தாத சுவர்களுக்கு நடுவே எலெக்ட்ரான்களைச் சிறைவைக்கும் அமைப்பு ஒன்றைக் கண்டனர். மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் அவை வெளியேறா. அக்கருத்தை வளர்த்து, 1980களில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். அதன் வழிவந்தவையே இன்றைய சேமிப்பகங்கள்.

ஒரு சிறைக்கூடத்தை ஒரு குடமாகக் கருதுங்கள். குடம் நிறைந்திருக்கிறதா, வெறுமையாயிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், ஒரு கூடத்தில் ஒரு பிட் செய்தி அடங்கும். நீர்மட்டத்தை 8 படிகளாகப் பிரித்தறிந்தால் 3 பிட் அடங்கும், இதனை டி.எல்.சி. என்பர். 16 படிகளாகப் பிரித்தால் 4 பிட் அடங்கும், இது கியூ.எல்.சி. படிகள் பெருகப் பெருகக் கொள்ளளவு பெருகும், விலையும் இறங்கும். ஆனால் நீரை நுட்பமாக அளந்து ஊற்றவேண்டியிருப்பதால் எழுதும் வேகம் குறையும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் எலெக்ட்ரான்கள் சுவரை ஊடுருவிச் செல்வதால் சுவர் சிறிது சிறிதாகத் தேய்ந்தும் போகும்.

தேய்மானம் என்றதும் அஞ்சவேண்டா. 4 டெராபைட் கொண்ட நல்ல டி.எல்.சி. சேமிப்பகத்திற்கு, 2,400 டெராபைட் வரை எழுதலாம் என்று உறுதி தருவது பெரும்பான்மை. ஒரு மாணவர் நாள்தோறும் 30 ஜிகாபைட் எழுதுகிறார் என்றே கொள்வோம். ஆண்டுக்கு 11 டெராபைட். அவ்வளவையும் எழுதித் தீர்க்க 200 ஆண்டுகளுக்கு மேலாகும்! கடைக்காரர் இந்த எண்ணைக் காட்டி விலை கூட்டினால் நான் மயங்கமாட்டேன்.

மெய்யான வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல்லை முதலில் களத்தில் கொட்டி, பிறகு ஓய்வாகக் குதிரில் சேர்ப்பார்கள் அல்லவா? அவ்வாறே இச்சேமிப்பகங்களும், வருகின்ற செய்தியை முதலில் கூடத்திற்கு ஒரு பிட்டாக விரைந்து எழுதிவிட்டு, பிறகு நெருக்கி அடுக்குகின்றன. களம் நிறைந்துவிட்டால் வண்டிகள் காத்து நிற்கவேண்டியதுதான். 2020இல் வெளிவந்த சாம்சங் 870 க்யூ.வி.ஓ. என்பது கியூ.எல்.சி. வகையைச் சார்ந்தது. அதன் 4 டெராபைட் உருவம் நொடிக்கு 530 மெகாபைட் எழுதும். ஆனால் 78 ஜிகாபைட் அளவுள்ள களம் நிறைந்ததும் வேகம் 160ஆகக் குறையும் என்று அந்நிறுவனத்தாரே குறிப்பிட்டிருக்கிறார்கள். 500 ஜிகாபைட் படங்களை அதில் ஏற்ற முக்கால் மணி நேரத்திற்கு மேலாகும். நூல்களையும் பாடல்களையும் சேர்த்து வைத்துப் படிப்போர்க்கு இஃது ஒரு குறையே அன்று; நாள்தோறும் திரைப்படம் தொகுப்போர்க்குப் பெருங்குறை.

வேகத்தைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். சாட்டா இணைப்பில் நொடிக்கு 550 மெகாபைட், பி.சி.ஐ.ஈ. நான்காம் தலைமுறையில் ஏறத்தாழ 7,000, ஐந்தாம் தலைமுறையில் ஏறத்தாழ 14,000 எனக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. கணிப்பொறியைத் தொடங்கிக் கட்டுரை எழுதுவோர் பின்னிரண்டிற்கும் இடையே வேறுபாட்டை உணரமாட்டார்கள். வெப்பத்தை மட்டும் உணர்வார்கள். எம்.2 என்னும் பலகை வடிவில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு; தோற்றம் ஒன்றுபோலிருக்கும். உங்கள் மதர்போர்டு எதனை ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளவேண்டும். பலகையின் இரு புறத்திலும் சில்லுகள் உள்ள பெரிய சேமிப்பகங்கள் மெல்லிய லேப்டாப்புகளில் நுழையாமற் போவதும் உண்டு. 4 டெராபைட் வாங்கியவர், கணிப்பொறி 3.64 என்று காட்டுவது கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணவேண்டா. கடைக்காரர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கணிப்பொறி 1,024ஆகப் பெருக்குகிறது, அவ்வளவே.

மெய்யான ஏமாற்று ஒன்றும் உண்டு. 16 டெராபைட் எனப் பெயர் பொறித்து, சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் பெட்டிகள் சந்தையில் உலவுகின்றன. உள்ளே இருப்பது ஒரு சிறு மெமரி கார்டு. கணிப்பொறியிடம் மட்டும் 16 எனப் பொய்யுரைக்கும். உள்ள இடம் நிரம்பியதும் புதிய செய்தி பழைய செய்தியின்மேல் எழுதப்பட்டுவிடும். கோப்பின் பெயர் இருக்கும், உள்ளீடு இராது. இதனை அறிய எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற செயலிகள் உண்டு. அவை முழு இடத்தையும் எழுதி நிரப்பி, மீண்டும் படித்து ஒப்பிடும். பொருளைத் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுதல் நலம்.

இனி வெப்பத்திற்கு வருவோம். நான்காம் தலைமுறைச் சேமிப்பகம் கடுமையாக உழைக்கும்போது ஏறத்தாழ 8 வாட் மின்சாரத்தைச் செலவிடலாம். அத்தனையும் வெப்பமாகவே முடிகிறது. 8 வாட் பெரிதோ என்று கேட்பீர்கள். எல்.ஈ.டி. விளக்கொன்று அதே 8 வாட்டில் ஓர் அறைக்கே வெளிச்சம் தருகிறது. இங்கோ அதன் பெரும்பகுதி கண்ட்ரோலர் என்னும், விரல்நகம் போன்ற ஒரு சில்லில் எழுகிறது. வெப்பம் 80 டிகிரியை நெருங்கியதும் அச்சில்லு தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உச்சி வெயிலில் உழவர் நிழலில் ஒதுங்குவது போல என்று கொள்ளலாம். கெட்டுப்போவதைத் தடுக்கும் ஏற்பாடு இது. ஆனால் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய வேகம் அப்போது உங்களுக்கு இல்லை.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். வெப்பம் வெளியேறும் அளவு, பொருளுக்கும் சூழ்ந்துள்ள காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. ஹீட் சிங்க் என்னும் அலுமினியத் தகடு பொருத்திய சேமிப்பகம் ஒன்று, வாட் ஒன்றுக்குக் காற்றைவிட 5 டிகிரி உயர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 வாட்டுக்கு 40 டிகிரி உயரும். குளிரூட்டிய ஆய்வறையில், 22 டிகிரிக் காற்றில், அது 62ஆக நிற்கும். அதே பொருள் சித்திரை மாதத்து வேலூரில், 38 டிகிரி உள்ள அறையில், 78ஐத் தொடும். பெட்டிக்குள் இருக்கும் காற்று அறைக் காற்றினும் சூடானது என்பதையும் சேர்த்தால் எல்லை கடந்துவிடும். குளிர்நாட்டார் சோதித்து, 'தகடு தேவையில்லை' என்று எழுதியதை நாம் அப்படியே ஏற்றல் ஆகாது.

தகடு மட்டும் போதுமா? 40 கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 36 ஜூல் ஆற்றல் வேண்டும். 8 வாட் வெப்பம் அதனை நாலரை நொடியில் தந்துவிடும். காற்று அசையாத மூலையில் தகடு சூட்டை இழக்காதிருந்தால், 3 நிமிடத்தில் 40 டிகிரி ஏறிவிடும். தகடு வெப்பத்தைப் பரப்பித் தரும். அதனை அள்ளிச் செல்வது காற்றே. ஆதலால் பெட்டியின் முன்புறம் ஒரு மெதுவான விசிறி சுழன்றாலும் போதும். தகட்டின்மேலேயே ஒட்டி வரும் சிறு விசிறிகளை, அவற்றின் கீச்சொலியின் பொருட்டாவது, நான்காம் தலைமுறைக்கு நான் பரிந்துரையேன்.

தகட்டைப் பொருத்துவதில் நேரும் பிழை ஒன்று நகைப்பிற்குரியது. ஆயினும் பலர் செய்வது. தகட்டுக்கும் சில்லுக்கும் இடையே வைக்கும் மெத்தென்ற பட்டையின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதனை உரிக்காமலே பொருத்திவிடுவார்கள்! சேமிப்பகத்தின்மேல் நிறுவனத்தார் ஒட்டிய சீட்டையோ உரிக்கலாகாது. உரித்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியிலுள்ள இடத்தைவிட விலகிய இடம் இருந்தால், அங்கும் அதே வேகம் கிடைக்குமாயின், அதுவே சிறந்தது. லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்து வேலை செய்வோர், அது காற்றிழுக்கும் வழியை அடைக்கிறார்கள்.

மின்சாரம் இல்லாத நிலையிலும் வெப்பம் பகையே. எழுதித் தேய்ந்து ஆயுள் முடிந்த சேமிப்பகமும், மின்னிணைப்பின்றி 30 டிகிரியில் ஓராண்டு செய்தியைக் காக்கவேண்டும் என்பது ஜெடெக் அமைப்பார் வகுத்த அளவை. புதியவை இன்னும் நெடுங்காலம் காக்கும். ஆனால் சூடு ஏற ஏறச் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் விரைந்து கசியும். மாடி அறையின் இரும்புப் பீரோவில் பல கோடைகள் கிடந்த பேழையை நம்பி ஆய்வேட்டை விட்டுவைக்கலாகாது. ஆண்டில் சில முறை இணைத்து இயக்குவதோடு, ஒரு படியைச் சுழல்தட்டாகிய ஹார்டு டிஸ்க்கிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணிப்பொறிக்கு இவற்றுள் எது தேவை என்பதை ஊகிக்க வேண்டுவதில்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற செயலி சேமிப்பகத்தின் வெப்பநிலையைக் காட்டும். கோடை நண்பகலில், 100 ஜிகாபைட் கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டே அந்த எண்ணைப் பாருங்கள். 70க்குக் கீழே நின்றால் நீங்கள் எதுவும் வாங்க வேண்டுவதில்லை.